அரே 1 மில்லிசெகண்ட் என்கிறது, சர்வர் 40 என்கிறது: நீங்கள் பார்த்த கேஸ்களைச் சொல்லுங்கள்

ஸ்டோரேஜ் ஸ்லோ என்று டிக்கெட் வந்தால் எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். டேட்டாபேஸ் குழு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும், ரீட் லேட்டன்சி (படிக்கக் கேட்டதிலிருந்து பதில் வரும் வரை ஆகும் நேரம்) 40 மில்லிசெகண்ட். ஸ்டோரேஜ் குழு பதிலுக்கு ஒன்று அனுப்பும், அரேயில், அதாவது டேட்டா இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில், 1 மில்லிசெகண்ட் கூட இல்லை. அப்புறம் கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்து உன் பக்கமா என் பக்கமா என்று விடிய விடிய வாதம். இரண்டு எண்ணும் உண்மைதான் என்று யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி நேரம் மிச்சமாகும். அரே, கோரிக்கை தன் போர்ட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கை ஆரம்பிக்கிறது. சர்வரோ தான் அனுப்பிய கணத்திலிருந்து எண்ணுகிறது. காணாமல் போன 39 மில்லிசெகண்டை இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

ஒரு நிதி நிறுவனத்தில் பார்த்தது. முழுக்க ஃபிளாஷ் அரே, 32 கிக் ஃபைபர் சேனல் (சர்வரையும் அரேயையும் இணைக்கும் ஸ்டோரேஜ் நெட்வொர்க்), விஎம்வேர் ஹோஸ்ட்கள் (விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர்கள்). பகலில் ஒரு குறையும் கிடையாது. இரவு பேக்கப் ஆரம்பித்ததும் ஒரு குறிப்பிட்ட எட்ஜ் ஸ்விட்சில் (சர்வர்களை மாட்டும் ஓர ஸ்விட்ச்) இருந்த டேட்டாபேஸ் எல்லாம் படுத்துவிடும், நள்ளிரவு பேட்ச் ஜாப் விடிந்த பிறகுதான் முடியும். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்டாப் கருவியில் கேஏவிஜி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது, டிஏவிஜி மட்டும் எகிறியிருந்தது. முதலாவது ஹைப்பர்வைசருக்குள் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) காத்திருந்த நேரம், இரண்டாவது எச்பிஏ (சர்வரின் ஃபைபர் சேனல் கார்டு) வழியாக வெளியே போய்த் திரும்பி வர ஆன நேரம். ஆக, ஹோஸ்டுக்குள் கியூ சிக்கவில்லை. அரேயில் கண்ட்ரோலர் சிபியு சும்மா இருந்தது, ரைட் கேஷிலும் இடம் இருந்தது. மிச்சம் ஸ்விட்ச்தான், ஆனால் அங்கே வழியில் டேட்டா கெட்டதைக் காட்டும் சிஆர்சி எரர் ஒன்றுகூட இல்லை, லாக்கில் ஒரு வரி கிடையாது, எல்லா விளக்கும் பச்சை. நெட்வொர்க் ஆட்கள் எங்கள் பக்கம் சுத்தம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

எரர் இல்லாததற்குக் காரணம் ஃபைபர் சேனலின் அமைப்பு. நெரிசல் என்றால் ஈதர்நெட் மாதிரி பாக்கெட்டைத் தூக்கி எறியாது, நிறுத்தி வைக்கும். எதிர்முனை ஒரு பஃபரைக் காலி செய்து ஆர்ஆர்டிஒய் என்ற சிக்னல் அனுப்பினால்தான் இந்த முனைக்கு ஒரு கிரெடிட், அதாவது ஒரு ஃபிரேம் (டேட்டா துண்டு) அனுப்ப அனுமதி, திரும்பக் கிடைக்கும், கையில் கிரெடிட் தீர்ந்துவிட்டால் அது வரும் வரைக்கும் ஃபிரேம் அப்படியே நிற்கும். அந்த நிற்கும் நேரத்தைச் சொல்ல ஒரு கவுண்டர் உண்டு. ப்ரோகேட் ஸ்விட்சில் போர்ட்ஸ்டாட்ஸ்ஷோ கமாண்ட் போட்டால் 'டிம் டிஎக்ஸ்கிரெட் இஸட்' என்று ஒரு வரி வரும், ஒரு எண்ணுக்கு 2.5 மைக்ரோசெகண்ட். அப்படியென்றால் ஒரு நொடியில் 4,00,000 ஏறினால் அந்த நொடி முழுக்கக் கிரெடிட் இல்லாமல் நின்றதாக அர்த்தம். ஒரு தடவை பார்த்துவிட்டு எண் பெரிசாக இருக்கிறதே என்று பதறக் கூடாது, கடைசியாக எப்போது கிளியர் செய்தார்களோ அதிலிருந்து சேர்ந்து வந்த எண் அது. சின்ன இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கழித்துப் பார்த்தால், கோர் (மைய) ஸ்விட்சிலிருந்து எட்ஜ் ஸ்விட்சுக்குப் போகும் ஐஎஸ்எல் (இரண்டு ஸ்விட்சை இணைக்கும் லிங்க்) போர்ட் பாதி நேரம் கிரெடிட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சரி, எட்ஜில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்தோம். இங்கேதான் பலரும் வழி தவறுவார்கள்: காரணமான போர்ட்டில் கிரெடிட் பற்றாக்குறையே இல்லை. பேக்கப் சர்வரில் பழைய 8 கிக் எச்பிஏ, நொடிக்கு 800 எம்பி அளவுதான் அதில் போகும், அந்த 800ம் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. அது கேட்கும் டேட்டாவை அரே 32 கிக் வேகத்தில் தள்ளுகிறது, வாங்க முடியாத ஃபிரேம் எல்லாம் எட்ஜ் ஸ்விட்சிலும் பிறகு ஐஎஸ்எல்லிலும் தேங்குகிறது, அதே ஐஎஸ்எல் வழியாக வர வேண்டிய டேட்டாபேஸ் பதில்கள் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. அதனால் கிரெடிட் கவுண்டரோடு போர்ட்டின் பயன்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் குறைந்த லிங்க் நிரம்பி வழிவது ஒரு நோய், ஹோஸ்ட் கிரெடிட்டைத் திருப்பித் தராமல் இழுப்பது வேறு நோய், டேட்டாபேஸுக்கு வலி மட்டும் ஒன்றே.

அன்றிரவே பேக்கப்பின் ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் குறைத்தோம், டிஏவிஜி கண்ணெதிரே இறங்கியது. பின்னாடி எச்பிஏவை மாற்றி, அந்த சர்வரை அரே இருக்கும் ஸ்விட்சுக்கே கொண்டுவந்தார்கள். புது ஆல்-ஃபிளாஷ் வாங்கும்போது இந்தப் பழைய எச்பிஏக்களையும் பட்டியல் போட்டு மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து, அரே வேகமாக வேகமாக இந்தப் பிரச்சினை கூடத்தான் செய்யும்.

*

நான் பார்த்தது நேர் எதிர், கோளாறு அரேக்குள்ளேயேதான். ரீட் பழையபடி இருக்கிறது, ரைட் மட்டும் திடீரென்று பல மடங்கு. இப்படி ரைட் மட்டும் ஏறினால் நான் வேறு எதையும் தொடுவதற்கு முன் கேஷைத்தான் பார்ப்பேன். கண்ட்ரோலரின் கேஷைக் காக்கும் பேட்டரி லேர்ன் சைக்கிளில் (வடித்து மறுபடி ஏற்றிப் பார்க்கும் சோதனை) போயிருந்தது, அது முடியும் வரை கேஷ் ரைட்-த்ரூ, அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் ஹோஸ்டுக்கு 'ஆச்சு' என்று பதில் போகும். கீழே இருந்தது 7,200 ஆர்பிஎம் டிஸ்க், ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிசெகண்ட், அதுவும் ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் முறை), ஒரு சின்ன ரைட்டுக்கு மூன்று ரீட் மூன்று ரைட். அலர்ட் வந்ததா என்றால் வந்தது, வெறும் தகவல் என்ற வகையில். அந்த வகை மெயிலை ஃபில்டர் போட்டு ஒதுக்கியிருந்தார்கள். இப்போது லேர்ன் சைக்கிளை ஞாயிறு அதிகாலைக்கு மாற்றியாயிற்று.

*

லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. ஐஓஸ்டாட் கமாண்டில் யூட்டில் (டிஸ்க் பிஸியாக இருந்த நேரத்தின் சதவீதம்) 100 என்று வந்ததும் அரே தாங்கவில்லை, புதுசு வாங்கணும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த நேரம் முழுக்க குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் கையாளும் அரேக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் கேஸில் மொத்த டேட்டாபேஸும் ஒரே பெரிய லன்னில் (அரே சர்வருக்குக் காட்டும் ஒரு டிஸ்க்) இருந்தது, கியூ டெப்த் (ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய கோரிக்கைகள்) 32, அரே பதில் அரை மில்லிசெகண்ட். 32ஐ 0.0005ஆல் வகுத்தால் 64,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை கோரிக்கை), அதற்கு மேல் அந்த லன்னில் நகரவே நகராது, அரே எவ்வளவு சும்மா இருந்தாலும் சரி. ஐஓஸ்டாட் காட்டும் அவெய்ட் (ஒரு கோரிக்கைக்கு ஆன சராசரி நேரம்) ஏறியது முழுக்க ஹோஸ்டுக்குள் காத்திருந்த நேரம். லன்னைப் பல துண்டாகப் பிரித்து எல்விஎம்மில் (லினக்ஸின் டிஸ்க் நிர்வாகம்) ஸ்ட்ரைப் போட்டதும், அதாவது டேட்டாவை எல்லாத் துண்டிலும் பரப்பியதும், தீர்ந்தது.

*

நல்ல கேஸ்கள். முதல் பதிவு போட்டவரிடம் ஒரு கேள்வி, எங்களிடம் இருப்பது சிஸ்கோ எம்டிஎஸ் ஸ்விட்ச், அதில் அந்தக் கிரெடிட் கவுண்டர் எங்கே?

*

எம்டிஎஸ்ஸில் டிஎக்ஸ்வெயிட் என்று பாருங்கள் சார், அதற்கும் அலகு 2.5 மைக்ரோசெகண்ட்தான், அதனால் கணக்கு அப்படியே பொருந்தும். எடுக்கும்போது ஹோஸ்ட், ஸ்விட்ச், அரே மூன்றின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்த்துவிடுங்கள். அரேயின் கிராஃப் 5 நிமிட சராசரியாக இருந்தால் 10 நொடி நெரிசல் அதில் தெரியவே தெரியாது, முடிந்த அளவு சின்ன இடைவெளிக்கு மாற்றிவிட்டு எடுங்கள். எடுத்ததும் ஐஎஸ்எல் போர்ட்டின் எண்ணை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.