அப்டேட் போட்டதும் திரையில் பச்சைக் கோடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

அமோலெட் திரை உள்ள போன். சிஸ்டம் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அதில் கோடு இல்லை. ஆனால் லோகோ வரும்போதும் ரிக்கவரி மோடிலும் (போன் முழுசா ஆன் ஆகும் முன் வரும் பழுதுநீக்கும் மெனு) தெரிகிறது. அதனால் இது சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லாதீங்க. கோளாறு திரைப் பேனலிலோ, அதை போர்டுடன் இணைக்கும் மெல்லிய பட்டையான ஃப்ளெக்ஸ் கேபிள் ஒட்டியிருக்கும் இடத்திலோதான். அப்டேட் ஓடும்போது போன் நன்றாகச் சூடாகும், ஏற்கெனவே பலவீனமான ஒட்டு அப்போது விட்டிருக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டதாம், முழு டிஸ்ப்ளேவுக்கும் பணம் கேட்கிறார்கள். இது அநியாயம். இலவசமாக மாற்றி வாங்கியவர்கள் என்ன ஆதாரம் காட்டினீங்க? ஃப்ளெக்ஸை மட்டும் மறுபடி பாண்டிங் செய்தால் (பேனலில் திரும்ப ஒட்டினால்) நிற்குமா?