தல்லாகுளம் வீடு (குடும்பக் குழு): பெரியப்பா ஜெர்மனி பயணம்

ஜனவரி 18, ஞாயிறு

ரத்தினம்: எல்லாருக்கும் வணக்கம். டிக்கெட் போட்டாச்சு. நானும் செல்வியும் ஏப்ரல் 20 சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட். திரும்புறது செப்டம்பர் 12. கவிதா வீட்ல நிம்மதியா இருந்துட்டு வர்றோம்.

மல்லிகா: சந்தோஷம்ணே 🙏 விசாவும் இப்ப ஈசியாம். ஆன்லைன்ல ஒரு ஃபாரம், 20 யூரோ, அவ்வளவுதானாம். நேத்து அனுப்பினேனே.

பிரியா: அத்தை, அது எட்டியாஸ். விசாவே தேவைப்படாத நாட்டுக்காரங்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது.

மல்லிகா: ஓ

முருகேசன்: அண்ணே, பணம் கட்டிட்டீங்களா? விசாவுக்கு டிக்கெட் ரிசர்வேஷன் காட்டினா போதும், காசு கட்டி வாங்கத் தேவையில்ல.

ரத்தினம்: விலை கம்மியா இருந்துச்சு. கட்டிட்டேன்.

முருகேசன்: சரி. ஏப்ரல் 20 முதல் செப்டம்பர் 12 வரை எண்ணினா 146 நாள். ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் ஒண்ணா செல்லற ஷெங்கன் விசாவுல 90 நாளுக்கு மேல இருக்க முடியாது. 56 நாள் கூடுது.

ரத்தினம்: விசா ஆறு மாசத்துக்குத் தர்றாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரே.

முருகேசன்: அங்கதான் எல்லாரும் தவறுறாங்க. விசா ஸ்டிக்கர்ல மூணு விஷயம் தனித்தனியா இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை தடவை உள்ள போகலாம். முதல்ல ஆறு மாசம் போட்டிருந்தாலும் ரெண்டாவதுல 90ன்னு இருந்தா 90தான். எந்த நாள் அங்க இருந்தாலும் அன்னிலிருந்து பின்னால 180 நாளைத் திரும்பிப் பார்க்கணும். அதுக்குள்ள 90ஐத் தாண்டக் கூடாது. இறங்கற நாளும் கணக்கு, ஏறுற நாளும் கணக்கு. ஏப்ரல் 20 இறங்கினா ஜூலை 18 உங்க 90வது நாள். அன்னிக்குள்ள வெளிய வந்துடணும். மறுபடி உள்ள போறதுன்னா அக்டோபர் 17.

செல்வி: நடுவுல சுவிட்சர்லாந்து போயிட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்குமாமே? பக்கத்து வீட்ல சொன்னாங்க.

முருகேசன்: இல்ல மதினி. சுவிட்சர்லாந்தும் ஷெங்கன்தான். மொத்தம் 29 நாடு. 2023ல குரோவேஷியா, 2025 ஜனவரியில ருமேனியா பல்கேரியா முழுசா சேர்ந்தாச்சு. லண்டன், அயர்லாந்து மாதிரி இடம்தான் வெளிய. அங்க போனாலும் கணக்கு அழியாது. வெளிய இருக்கற நாளை மட்டும் எண்ண மாட்டாங்க.

ரத்தினம்: அங்க போயி நீட்டிச்சுக்கலாம்ல?

முருகேசன்: உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில கெடந்தா, விமானமே ஓடலன்னா நீட்டிப்பாங்க. பேரனோட இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்ங்கறதுக்குக் கெடையாது. முன்னெல்லாம் முத்திரையைப் பார்த்து ஆபீசர் கையால எண்ணுவார். இப்ப ஈ.ஈ.எஸ்.னு எல்லையில வர்றது போறதைப் பதியற கம்ப்யூட்டர் முறை. 2025 அக்டோபர் 12ல ஆரம்பிச்சது. முகத்தைப் பதிஞ்சு கம்ப்யூட்டரே எண்ணும், கைரேகை விசாவுக்கு வச்சதே இருக்கும். ஒரு நாள் கூடினாலும் பதிவாயிரும். அபராதம் போடலாம், நுழைவுத் தடை போடலாம், அடுத்த விசாவும் மறுத்துடுவாங்க.

கவிதா: அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு டிக்கெட் போட்டிருக்கலாம்ல 😔

ரத்தினம்: உனக்கு சர்ப்ரைஸ்னு நெனச்சேன்மா.

பிரியா: கவிதாக்கா, 2024ல பெற்றோரைக் கூட்டிக்க ஒரு சட்டம் வந்துச்சே?

கவிதா: 2024 மார்ச் 1க்கு அப்புறம் முதல் தடவையா ஸ்கில்டு வொர்க்கர் பெர்மிட் வாங்கினவங்களுக்குத்தான். என்னோடது 2021.

செந்தில்: பெரிய மாமா, ஜூன் 7 எங்க கிரகப்பிரவேசம். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா லண்டன் வரணும்.

மல்லிகா: கல்யாணத்துக்குத்தான் முகூர்த்தம் முடிஞ்ச கையோட பஸ் ஏறிட்டாங்க. இதுக்காச்சும் இருக்கட்டும்.

செல்வி: அன்னிக்கு எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல மல்லிகா.

மல்லிகா: சும்மா சொன்னேன் மதினி.

முருகேசன்: செந்தில், நல்ல வேளை இப்பச் சொன்ன. சிங்கிள் என்ட்ரி விசா கெடைச்சா, லண்டனுக்குக் கெளம்பின நிமிஷமே அது முடிஞ்சது. திரும்ப ஸ்டுட்கார்ட்ல கவிதா வீட்டுக்குப் போக முடியாது. ஜூன் 5 போய் 12 வர்றதுன்னா மல்டிபிள் என்ட்ரி வேணும். ஃபாரத்துல அதைக் குறிச்சு, கவரிங் லெட்டர்ல காரணம் எழுதி, உன் அழைப்புக் கடிதத்தையும் வைக்கணும். கேட்டாலும் தருவாங்கன்னு உறுதியில்ல, அண்ணனுக்கு இது முதல் விசா. கொடுத்தா வெளிய இருக்கற 6 நாள் மிச்சமாகி, கடைசித் தேதி ஜூலை 24 ஆகும்.

பிரியா: பெரியம்மா பாஸ்போர்ட் எப்ப முடியுது?

செல்வி: தேடிப் பார்க்குறேன் இரு

செல்வி: 30 செப்டம்பர் 2026

முருகேசன்: ஐயோ. அங்கிருந்து கெளம்புற நாளுக்கு அப்புறம் மூணு மாசம் செல்லணும். ஜூலை 18ன்னா அக்டோபர் 18 வரை. பத்தாது. முதல் வேலை ரினீவல் மதினி. நாளைக்கே மதுரை ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் போடுங்க. பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமா வச்சிருங்க.

கவிதா: நான் 27ஆம் தேதி ஆவ்ஸ்லெண்டர்பெஹோர்டேல, அதான் இங்க வெளிநாட்டுக்காரங்களுக்கான ஆபீஸ்ல, அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன் சித்தப்பா. பொறுப்பேற்புக் கடிதத்துக்கு.

பிரியா: எதுக்கு?

கவிதா: ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங். அவங்க செலவு முழுக்க என் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கறது. 29 யூரோ. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், என் பெர்மிட் எல்லாம் கொண்டு போகணும்.

முருகேசன்: கவிதா, அதைத் தள்ளி வை. அந்தக் கடிதத்துல வர்றவங்க பாஸ்போர்ட் நம்பர் அச்சாகும். அம்மாவோடது மாறப் போகுது. பழைய நம்பரோட வாங்கினா கவுன்ட்டர்ல கேள்வி வரும். புது நம்பர் கைக்கு வந்ததும் எடு. ஆறு மாசம் செல்லும். ஒரிஜினலைக் கூரியர்ல அனுப்பணும், ஸ்கேன் பத்தாது.

கவிதா: இங்க அடுத்த தேதி கெடைக்க ஒரு மாசம் ஆகுமே 😟

முருகேசன்: அப்ப அப்பாவுக்கு மட்டும் 27ல எடுத்துடு. அம்மாவுக்குத் தனியா.

ரத்தினம்: தட்கல்ல போட்டா?

பிரியா: போடலாம் பெரியப்பா. நான் இன்னிக்கு ராத்திரி ஃபாரம் ஃபில் பண்றேன்.

மல்லிகா: கவிதா, உனக்கு என்னம்மா கொடுத்து விடட்டும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரெண்டு கிலோ சொல்லி வைக்கட்டுமா?

கவிதா: அத்தை வேணாம் அத்தை. பால்ல செஞ்சது எதுவும் உள்ள விட மாட்டாங்க. நெய்யும் கூடாது. இறைச்சியும் கூடாது.

மல்லிகா: கறிவேப்பிலை?

கவிதா: அதுவும் கூடாது. மாம்பழமும் சான்றிதழ் இல்லாம வராது. தேங்கா, வாழப்பழம் பரவாயில்ல. கருவாடு கொண்டு வரலாம், ஆளுக்கு 20 கிலோ வரை மீன்.

செந்தில்: 20 கிலோ கருவாடு 😂 ப்ளேனே மணக்கும்

செல்வி: நெத்திலி மட்டும் கால் கிலோ வச்சுக்கறேன்.

முருகேசன்: சாப்பாடு இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுக்கச் செல்லறதா, தங்கற நாள் அத்தனைக்கும் இருக்கணும். அண்ணனுக்குச் சுகர். ஏற்கெனவே உள்ள நோயை விலக்கியிருக்காங்களான்னு பாலிசியைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க. மாத்திரை மூணு மாசத்துக்கு, டாக்டர் சீட்டோட கைப்பையில. போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர். மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், பென்ஷன் தாள். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்பம் வாங்கற வி.எஃப்.எஸ். சென்டரோட சர்வீஸ் கட்டணம் தனி. முதல் தடவைங்கறதால ரெண்டு பேரும் சென்னைக்கு நேர்ல போய் விரல் வைக்கணும். முடிவு சாதாரணமா 15 நாள், சிக்கல்னா 45 நாள்கூட ஆகும். பயணத்துக்கு 15 நாள் முன்னாடி வரை வாங்கிக்குவாங்கன்னு நம்பிக் கடைசி வரை இழுக்காதீங்க.

ரத்தினம்: படிச்சேன்.

பிரியா: அப்பா, லண்டன் விசா?

முருகேசன்: பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிதான் போட முடியும். ஜூன் 5ன்னா மார்ச் 5க்கு அப்புறம். அங்கயும் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுப்பாங்க, மூணு வாரம் ஆகும். அதனால ஜெர்மனி பிப்ரவரியிலயே, லண்டன் மார்ச்ல.

கவிதா: சித்தப்பா, இப்படிப் பண்ணினா? ஜூலை 18 வரை என்கிட்ட. அப்புறம் நேரா லண்டன், செப்டம்பர் 12 வரை செந்தில் வீட்ல. அங்க ஆறு மாசம் வரை இருக்கலாமே.

முருகேசன்: அருமை. அப்ப ஷெங்கன் சிங்கிள் என்ட்ரியே போதும். ஆனா ஜூலை 18 பயணம்னா லண்டன் விசா ஏப்ரல் 18க்கு அப்புறம்தான் போட முடியும், நீங்க 20 கெளம்புறீங்க, அதை யோசிக்கணும். அப்புறம் ஜூன் 7 கிரகப்பிரவேசம்?

மல்லிகா: ஆவணிக்குத் தள்ளு செந்தில். ஆனி ஆடி ஆகாது. ஆகஸ்ட் 17க்கு மேல நல்ல நாள் இருக்கும். அண்ணன் இல்லாம எதுக்கு?

செந்தில்: அம்மா, பழைய வீட்டு வாடகை ஒப்பந்தம் ஜூன்ல முடியுது. பால் காய்ச்சாம குடி போகலாமா?

மல்லிகா: ஜோசியர்கிட்டக் கேக்கறேன்.

செல்வி: ரெண்டு மாசம் லண்டன்ல நாங்க இருந்தா அவங்களுக்குச் சிரமமாகாதா?

மல்லிகா: என்ன மதினி இப்படிப் பேசறீங்க. உங்க வீடு அது.

முருகேசன்: அண்ணே, எப்படி முடிவெடுத்தாலும் செப்டம்பர் 12 டிக்கெட்டை மாத்தியாகணும். கவிதா சொன்னபடின்னா லண்டன்ல இருந்தே ஏறுங்க, ஃப்ராங்ஃபர்ட் வழியா வேண்டாம். தோஹா, துபாய் வழியாப் பாருங்க.

ரத்தினம்: மாத்த எவ்வளவு கேப்பான்?

முருகேசன்: டிக்கெட்ல கட்டண விதி இருக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க.

ரத்தினம்: ஏஜென்ட்டுக்குப் போன் பண்றேன், எடுக்கல. ஞாயித்துக்கெழம.

பிரியா: பெரியம்மா, ஆதார், பழைய பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம் போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க. குழுவுல போடாதீங்க.

செல்வி: சரிடா. கண்ணாடியைத் தேடிட்டு அனுப்பறேன். மல்லிகா, அஞ்சு மாசம் துளசிக்கு யார் தண்ணி ஊத்துவா?