6 வாட்டு, 6 வாட்டுன்னு காது புளிச்சுப் போச்சு

மலைக்காத்து (குமுளி, கேரளா):
நேத்து இங்க ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு: "ஏலக்காய்க் கடைக்கு இன்டெல் என்100 சில்லு வச்ச மினி பிசி போட்டாச்சு. வெறும் 6 வாட்டுதான் இழுக்குது. பழைய ஐ5 6500 டெஸ்க்டாப்பைப் பரண்ல ஏத்திட்டேன்." அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேற. அண்ணே, உங்க கல்லாவுக்கு மேல தொங்குற எல்இடி பல்பே 9 வாட்டு இருக்கும்.

அதே மாதிரிப் பெட்டி எங்கிட்டயும் இருக்கு. வாட் மீட்டரைச் சுவத்துல சொருகி அதுல மாட்டிப் பாத்தேன். சும்மா கெடக்கும்போதே 8, 9. கணக்கு எழுதுற டேலியும் குரோமும் தொறந்தா 14. கல்யாண வீடியோ ஒண்ணைச் சின்னதாக்கப் போட்டேன், 26க்கு ஏறிருச்சு. எங்கண்ணே அந்த 6?

கம்பம்_கல்லாப்பெட்டி:
அந்த அண்ணன் நான்தான் தம்பி. 6 வாட்டுன்னு இன்டெல்காரனே போட்டிருக்கான். இன்டெல் பெருசா, உங்க முந்நூறு ரூவா மீட்டர் பெருசா?

மலைக்காத்து:
இன்டெல் போட்டது சில்லுக்கு. அந்தச் சில்லே வேகம் எடுக்கும்போது 6ஐத் தாண்டும். ரேம், எஸ்எஸ்டி, வைஃபை, ஃபேன் எல்லாம் காத்தைக் குடிச்சா ஓடுது? அடாப்டரைத் திருப்பிப் பாருங்க, அதிகபட்சம் எவ்வளவு குடுக்கும்னு போட்டிருக்கும். 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கத் தெரியும்ல?

கம்பம்_கல்லாப்பெட்டி:
36 வருது. அப்ப நீங்க சொல்ற 14ம் தப்புதானே? 6தான் தம்பி.

போடி_பச்சை:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. என்100 2023ல வந்தது, 4 கோர், 4 திரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஐ5 6500 2015ல வந்தது, அதுவும் 4 கோர், 4 திரெட்தான், ஆனா 65 வாட்டுச் சில்லு. வேலைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏல ரேட்டு பாக்க, பில்லு போட எனக்கு என்100 போதுமா?

மலைக்காத்து:
வேகத்தை யாருங்க கேட்டா? 6 வாட்டைப் பத்திப் பேச்சு.

கம்பம்_கல்லாப்பெட்டி:
போதும் பச்சை, வாங்கிப் போடு. நான் 8 ஜிபி ரேம் குச்சி ரெண்டு போட்டு டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு வழியில, ஓட்டுறேன், பறக்குது.

மலைக்காத்து:
ரெண்டு குச்சியா! என்100க்கு ஒரே சேனல்தான் அண்ணே. இந்தப் பெட்டியில ஸ்லாட்டும் ஒண்ணுதான். ரெண்டாவது குச்சியை எங்க சொருகினீங்க, சட்டைப் பையிலயா? பெட்டியைத் தொறந்தே பாக்காத ஆளு 6 வாட்டு அளந்தாராம். நான் மாசம் ஒருக்கா தொறக்கிறேன். ஃபேன் இறகுல ஏலக்காய்த் தூசி பச்சையா அப்பிக் கெடக்கும், பிரஷ்ஷால தட்டினா ரூமே பாயாச வாசம் அடிக்கும்.

கம்பம்_கல்லாப்பெட்டி:
குச்சி எத்தனைன்னு கடைப்பையன்தான் பாத்தான். அது கெடக்கட்டும், பேச்சை மாத்தாதீங்க. என் கரண்டு பில்லு சொல்லுது 6ன்னு. 100 யூனிட் ஃப்ரீயிலேயே அடங்கிருது.

மலைக்காத்து:
ஃப்ரீயா? அது வீட்டுக்குத்தானே அண்ணே, கடைக்கு ஏது? வீட்டு லைன்ல இருந்து கடைக்கு ஒயர் இழுத்திருக்கீங்களா?

கம்பம்_கல்லாப்பெட்டி:
தேவையில்லாததைப் பேசாதீங்க. வீட்டுத் திண்ணையிலதான் கணக்கு எழுதுறேன்.

மலைக்காத்து:
நேத்து கடைன்னீங்க, இன்னிக்கு அது திண்ணை ஆயிருச்சு. சரி, இழுங்க இழுங்க. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல எடுக்கிற கரண்டே எங்க ஊர்த் தண்ணியிலதானே.

கம்பம்_கல்லாப்பெட்டி:
எங்க ஊர்த் தண்ணியா? மலை ஏறினதும் சேட்டன் ஆயிட்டீங்களோ? பென்னிகுவிக் 1895ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சதே எங்க பக்கம் தண்ணி கொண்டுவரத்தான்.

மலைக்காத்து:
எங்க தாத்தா ஏலத்தோட்டத்துல கூலிக்கு வந்தவரு. வீட்டுல இன்னிக்கும் தமிழ்தான். சேட்டன் கீட்டன்னா மரியாதை கெட்டுப்போகும்.

கூடலூர்_வாத்தி:
6க்கும் 14க்கும் வித்தியாசம் 8 வாட்டு. ஒரு நாளைக்கு 10 மணி நேரம்னா மாசம் 2.4 யூனிட். இதுக்கா இந்தச் சண்டை?

மலைக்காத்து:
வாத்தியாரே, கணக்கு முக்கியமில்ல. பொய் சொல்லக்கூடாது.

கம்பம்_கல்லாப்பெட்டி:
யாரு பொய் சொன்னா? போன வருசம் நீங்க எனக்கு வித்த யூபிஎஸ்ஸு பேட்டரி 4 மாசத்துல பலாப்பழமா உப்புச்சே, அதைச் சொல்லவா?

மலைக்காத்து:
6 மாசம். அதுலயும் உங்களுக்கு எண்ணத் தெரியல.

போடி_பச்சை:
எஸ்எஸ்டி என்விஎம்இ போடவா, சாட்டா போடவா? யாராச்சும் சொல்லுங்கப்பா.

மலைக்காத்து:
அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க பச்சை. அண்ணே, காலையில குமுளியில இருந்து கெளம்புற பஸ்ல கண்டக்டர்கிட்ட மீட்டரைக் குடுத்தனுப்புறேன். கம்பம் ஸ்டாண்டுல வாங்கிக்கங்க. மாட்டி, போட்டோ எடுத்து இங்க போடுங்க. விரலை வச்சு மறைக்காம.

கம்பம்_கல்லாப்பெட்டி:
குடுத்தனுப்புங்க. 14 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் ரிப்பேர்னு அர்த்தம், இப்பவே சொல்லிட்டேன்.