செடி நர்சரி போர்டு வெளுத்துப் போச்சு, என்ன கோட்டிங் அடிக்கலாம்? (அவசரம்)

நர்சரி_தூத்துக்குடி: வணக்கம். தீபாவளிக்கு வெச்ச போர்டு, அதுக்குள்ள வெளுத்துடுச்சு. மேல அடிக்க நல்ல கோட்டிங் எது? ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாரு, சீக்கிரம் சொல்லுங்க.

மைபாட்டில்: ஃப்ளெக்ஸா, வினைல் ஸ்டிக்கர் ஒட்டினதா? அடியில என்ன பலகை? எந்தத் திசை பார்த்து நிக்குது? மேல லேமினேஷன் (காக்குற கண்ணாடி மாதிரி ஃபிலிம்) உண்டா? எந்தக் கலர் போச்சு?

சேலம்_பிரிண்ட்: எதுக்கு இவ்ளோ கேள்வி. யூவி (புற ஊதா) பிரிண்ட் போடுங்க, வெயில் ஒண்ணும் பண்ணாது.

போர்டு_அண்ணாச்சி: தம்பி, அந்த மெஷின்ல யூவி விளக்கு மையை உறைய வைக்கத்தான். வெளியில வெச்சா நிறமியோட தரம்தான் பேசும். மட்டமான நிறமின்னா அதுவும் வெளுக்கும். இதை எத்தனை தடவை இங்க எழுதியாச்சு, யாரும் பழைய இழையைத் தேடிப் பாக்குறதில்ல.

நர்சரி_தூத்துக்குடி: சாரி. வினைல், சன்போர்டுல (பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டினது. மேற்கு. லேமினேஷன் போட்டாச்சுன்னுதான் பிரிண்ட் கடையில சொன்னாங்க. செடி படத்துல இலையெல்லாம் நீலமாயிடுச்சு. சிவப்புல இருந்த போன் நம்பர் படிக்க முடியல. கறுப்பு எழுத்து அப்படியே இருக்கு. கீழ்ப்பக்கம் வெள்ளையா பூத்திருக்கு.

மைபாட்டில்: இதைத்தான் முதல்லயே கேட்டேன். சயானும் (நீல மை) மஞ்சளும் சேர்ந்துதான் பச்சை. மஞ்சள் போனா நீலம் மிச்சம். சிவப்புக்கு மஜெந்தாவும் (அடர் ரோஸ் மை) மஞ்சளும், வெயிலுக்கு முதல்ல பலியாகுறது அது ரெண்டும்தான். கறுப்பு கார்பன், லேசுல அசையாது. போன நிறம் எந்தக் கோட்டிங்குக்கும் திரும்பி வராது.

ஆள் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. பஞ்சுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு, கீழ் மூலையில சிவப்பு இருக்குற இடத்துல அழுத்தித் தேயுங்க. பஞ்சுல கலர் ஏறுனா மேல ஃபிலிமே கிடையாது. வெள்ளை பூத்த இடத்துல வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில ஒத்தி எடுங்க. கரைஞ்சா அது போர் தண்ணி உப்பு. கரையலன்னா வினைலோட மேல்தோல் பொரிஞ்சு சுண்ணாம்பா உதிருது. பக்கத்துல ஸ்பிரிங்க்ளர் ஓடுதா?

வேலன்_ஸ்டிக்கர்: மர வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சா இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே?

போர்டு_அண்ணாச்சி: அடிச்சுப் பாருங்க. வார்னிஷ்ல இருக்குற தின்னர் வினைல்ல அடிச்ச ஈகோ சால்வென்ட் மையை (கரைப்பான்ல கலந்த மை) இளக்கி இழுத்துடும். தப்பிச்சாலும் வெயில்ல மஞ்சளாகி வெடிக்கும். அடிச்சே ஆகணும்னா ஹார்ட்னர் கலக்குற பாலியூரித்தேன் கிளியர், யூவி அப்சார்பர் (புற ஊதாவை உறிஞ்சுறது) சேர்த்தது. அதையும் முதல்ல ஓரத்துல அடிச்சு ஒரு நாள் விட்டுப் பாக்கணும்.

தூரிகை: இதுக்குத்தான் பெயின்டரை வெச்சு எழுதுங்கன்னு சொல்றது. ரயில்வே ஸ்டேஷன் போர்டு மஞ்சள்ல கறுப்பு, தூரத்துல வரும்போதே படிக்கலாம்.

சேலம்_பிரிண்ட்: அதையும் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க. எனாமல் சிவப்பு வெளுக்காதா?

தூரிகை: ரெட் ஆக்சைடு வெளுக்காது. அது இரும்பு ஆக்சைடு, வெயில் அதை ஒண்ணும் பண்ண முடியாது.

சேலம்_பிரிண்ட்: ரெட் ஆக்சைடுல ரோஜாப்பூ வரைஞ்சு காட்டுங்க, பாப்போம்.

மைபாட்டில்: ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கோங்க. நர்சரிக்காரரே, புதுசா போடுறதா இருந்தா இப்படி:

சன்போர்டு மேற்கு வெயில் சூட்டுக்கு வளையும். 3 மி.மீ. ஏசிபி (ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டின பலகை) வாங்குங்க. ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க, ஷீட் சூட்டுல விரியும். தூத்துக்குடி உப்புக்காத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூல பழுப்பு ஒழுகும், 316 ரகம் கேளுங்க.

வினைல்ல பாலிமெரிக் ரகம் வாங்குங்க, காசு இருந்தா சுருங்காத காஸ்ட் ரகம். மலிவான மோனோமெரிக் சுருங்கி ஓரத்துல பசை தெரியும். லேமினேஷன் ஃபிலிமும் அதே ரகமா இருக்கணும். காஸ்ட் வினைல் மேல மோனோமெரிக் ஃபிலிம் போட்டா ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது, மூலை தூக்கும். கோல்டு லேமினேஷன்தான் (சூடில்லாம அழுத்தி ஒட்டுறது), யூவி தடுக்குறது. ஹாட் லேமினேஷன் உள்ள வைக்கிற பேப்பருக்கு.

பெரும்பாலும் அவசரத்துல கெடுறது ஒண்ணு இருக்கு. பிரிண்ட் எடுத்ததும் ஃபிலிம் ஒட்டக் கூடாது. குறைஞ்சது 24 மணி நேரம், முடிஞ்சா 48, இறுக்கிச் சுருட்டாம தளர்வா நிக்க விடணும். மையில இருக்குற சால்வென்ட் உள்ள மாட்டிக்கிட்டா பசை இளகிக் கொப்பளம் வரும். உடனே டெலிவரின்னு பறக்குற கடையில இதைக் கறாரா சொல்லுங்க. ஒட்டினப்புறம் மேல் ஓரத்துக்கு எட்ஜ் சீலர் (ஓரத்தை அடைக்குற பூச்சு).

போன் நம்பரை பிரிண்ட்ல போடாதீங்க. கலர் காஸ்ட் வினைலை வெட்டி ஒட்டுங்க, இல்ல கறுப்பு. மேற்கு வெயில் படுத்து வரும், மேல சன்ஷேட் வெச்சுப் பிரயோஜனமில்ல. வடக்கு பார்த்துத் திருப்ப முடிஞ்சா அதுவே பாதி வேலை.

நர்சரி_தூத்துக்குடி: பஞ்சுல சிவப்பு ஏறிடுச்சு. வெள்ளை வினிகருக்குக் கரைஞ்சுது, ஸ்பிரிங்க்ளர் பக்கத்துலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆளை வேண்டாம்னுட்டேன். நன்றி அண்ணே.

போர்டு_அண்ணாச்சி: பழைய பில்லை எடுத்துப் பாரும். லேமினேஷனுக்குக் காசு போட்டிருக்கானா?

மைபாட்டில்: ஸ்பிரிங்க்ளர் தலையைத் திருப்பி வைங்க, புது ஃபிலிம்லயும் உப்பு படியும். போர்டு சைஸ் என்ன?

வேலன்_ஸ்டிக்கர்: ஃப்ளெக்ஸுக்கும் இதே கோல்டு ஃபிலிம் போடலாமா?