அம்பாசடரின் பின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசடர். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடு (சுற்றும் டிரம்மின் உள்சுவரில் ஷூ அழுந்திப் பிடிப்பது) வந்த வண்டி. பிந்தைய அம்பாசடரின் டிஸ்க் பிரேக்கை (சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது) முன் சக்கரங்களுக்கு ஏற்கெனவே மாட்டி, பெடலை மிதிப்பதை இலகுவாக்கும் வேக்யூம் பூஸ்டரும் வைத்தாயிற்று. பின்னாலும் மாற்றலாமே என்ற எண்ணம் கல்லட்டி மலைப்பாதையில் வந்தது. ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாம் கியரில் இறங்கியும்கூடப் பாதி வழியிலேயே பின் டிரம்மிலிருந்து ஷூவின் லைனிங் கருகும் வாடை அடித்தது.

பின் டிஸ்க் போட்டால் வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று சொல்பவர்களை நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. ஒழுங்காக இருக்கும் டிரம்மே பின் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும். டிஸ்க் தருவது வேறு: சூடு சீக்கிரம் தணியும், தண்ணீரில் இறங்கி ஏறினாலும் உடனே பிடிக்கும், அடிக்கடி ஷூ அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம். மலைப்பக்கம் போகாத வண்டிக்கு இந்த வேலை வீண் என்பேன்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டைக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். மிஸ்திரி எடுத்த எடுப்பில் இரும்பைத் தொடவில்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, டிரம்மின் பின்தகடான பேக் பிளேட் இருந்த இடத்தில் வைத்து, போல்ட் துளைகளைப் பென்சிலால் குறித்தார். காலிப்பரைத் தற்காலிகமாகப் பொருத்திய பிறகு அதன் முதுகில் களிமண்ணை அப்பி, ரிம்மை மாட்டி மெதுவாகச் சுற்றினார். களிமண்ணில் ஒரு கீறல். அந்த இடத்தில் ரிம் உரசும் என்று தெரிந்துகொண்டு பிராக்கெட்டின் அளவை மாற்றினார். கடைசியில் 10 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி எடுத்தார்.

நண்பர் ஒருவர் தம் பத்மினி காருக்கு இதே மாற்றத்தை வேறோர் இடத்தில் செய்திருந்தார். கொஞ்ச தூரம் ஓடினாலே பின் சக்கரம் இரண்டும் கொதிக்கும். ஜாக்கியில் ஏற்றி, பெடலை மிதித்துவிட்டுப் பார்த்தால் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்ததும் பிரேக் ஆயில் பீச்சியடித்தது, சக்கரம் விட்டுக்கொடுத்தது. காரணம், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காக இருந்த வால்வு. காலை எடுத்த பிறகும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைக் குழாயில் தேக்கி வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி இழுக்க ஒன்றுமில்லை, பேட் உரசிக்கொண்டே இருக்கும். அதற்காக வால்வைப் பிடுங்கி எறிந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் ஆயில் திரும்பி ஓடாமல் இருக்க 2 பவுண்டு மட்டும் தேக்கும் வால்வு வேண்டும்.

முன்பின் சமநிலைக்கு, பின் சக்கரக் குழாயில் திருகி அட்ஜஸ்ட் செய்யும் அழுத்த வால்வு வைத்தேன். காலியான மைதானத்தில் நான் ஓட்ட, மிஸ்திரி வெளியே நின்று சக்கரங்களைக் கவனித்தார். முதலில் பின் சக்கரம்தான் பூட்டியது. வண்டியின் வால் ஒதுங்கியது. ஈரச் சாலையில் இப்படி நடந்தால் வண்டி சுழன்றுவிடும். எப்போதும் முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை வால்வைக் குறைத்துக்கொண்டே வந்தோம். இந்தச் சோதனை செய்யாத வண்டியில் நான் ஏற மாட்டேன்.

எனக்கு இன்னும் மனம் ஒப்பாதது ஹேண்ட் பிரேக். அந்த விஷயத்தில் டிரம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலிப்பரோடு சேர்ந்து வரும் ஹேண்ட் பிரேக்கை டிஸ்க் சூடாக இருக்கும்போது இழுத்து நிறுத்தினால், ஆறியதும் டிஸ்க் சுருங்கிப் பிடி தளரலாம். கோத்தகிரி சாலையில் ஒரு டீக்கடை முன்னால் என் வண்டி அரையடி நகர்ந்தது. இப்போது சரிவில் நிறுத்தினால் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைக்கிறேன்.

காலிப்பர் வாங்கும்போது, பேட் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்குமா என்று பாருங்கள். பேட் எந்த மாடலுக்கானது, டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்பதைப் பானெட்டின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். நடுவழியில் வண்டியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குக்கு இது அம்பாசடர் பிரேக் இல்லை என்று எப்படித் தெரியும்?