வீட்டில் கத்துக்கிட்டதும் அறிவியல் வகுப்பில் படிக்கிறதும்: ரெண்டும் மோதின அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

விலங்கியல் மாணவி:
செங்கல்பட்டுப் பக்கம், இருளர் வீடு. தாத்தா பாம்பு பிடிக்கிறவர். முதல் வருஷம் கள ஆய்வுக்குப் போனப்போ வரப்போரம் ஒரு எலி வளையைப் பார்த்து, "உள்ளே நல்ல பாம்பு இருக்கு சார்"னேன். வளையோட வாய் வழவழன்னு தேஞ்சிருந்தது, பக்கத்திலேயே எச்சம். "ரெக்கார்டில் எழுத ஆதாரம் வேணும்மா"ன்னுட்டார். தடமும் எச்சமும் ஆதாரம் இல்லேன்னா வேற எது? 2017-ல் மலைப்பாம்பு தேட எங்க ஆளுங்க மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்காவில் ஃபுளோரிடா வரைக்கும் கூட்டிட்டுப் போனது இந்தக் கண்ணுக்காகத்தானே! 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்ச பிறகுதான் வகுப்பில் என் பேச்சுக்குக் காது கொடுத்தாங்க.

தாத்தா எங்க தெய்வம் கன்னியம்மாவைக் கும்பிடாம வளையில் கை வைக்க மாட்டார். அதுக்கு ரெக்கார்டில் இடம் இல்லை, நானும் எழுதுறதில்லை.

எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "உங்ககிட்ட மூலிகை இருக்கே, ஆஸ்பத்திரி எதுக்கு?" தாத்தாவுக்கு வேரும் தெரியும், பச்சிலையும் தெரியும். ஆனா கண்ணாடி விரியன் கடிச்சா விஷமுறிவு ஊசி போடத்தான் ஓடணும்னு முதல்ல சொல்றவரும் அவர்தான். 1978-ல் தொடங்கின எங்க கூட்டுறவு சங்கம் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலுலேயும் விஷம் எடுத்து மருந்து கம்பெனிகளுக்குக் கொடுக்குது. "நாம எடுத்துக் கொடுத்த விஷம் இல்லாம அந்த ஊசி ஏது?"ம்பார். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்பொருளை எடுத்துத்தான் ஊசி மருந்து செய்றாங்கன்னு நான் ஆரம்பிச்சா, "அதை நீ படி, நான் பாம்பைப் பிடிக்கிறேன்."

அரிசோனாவிலிருந்து:
என்கூடப் படிச்ச, நவஹோங்கிற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த தோழிக்கு உடற்கூறியல் ஆய்வகம்தான் பெரிய சோதனை. இறந்த உடலைத் தொடக்கூடாதுங்கிறது அவங்க மரபு. ஊருக்குப் போய்ச் சடங்கு செஞ்சுகிட்டு வந்து பாடத்தை முடிச்சா. நவஹோ பெண்களில் முதல் அறுவை மருத்துவரான லோரி ஆர்விசோ ஆல்வோர்டும் இதே தவிப்பைப் பட்டவராம்.

கல்லூரி ஆசிரியர்:
தங்கச்சி, அடுத்த கள ஆய்வுக்குத் தாத்தா வருவாரா? மதிப்பூதியம் வாங்கித் தர்றேன். 'வல்லுநர்'னு எழுதினா ஆபீஸில் டிகிரி கேட்பாங்க, அந்தச் சண்டையை நான் போட்டுக்கிறேன்.

விலங்கியல் மாணவி:
வருவார் சார். விடியக்காலையிலே கிளம்பணும். ஆள் நடமாட ஆரம்பிச்சா தடம் அழிஞ்சிடும்.