புதுப்பிப்பு: மாடி மழைத்தண்ணி இப்போ தொட்டிக்கு வருது

மொட்டை மாடித் தண்ணியைக் கிணத்துக்கு விடலாமா, தொட்டியில சேர்க்கலாமான்னு ஐப்பசிக்கு முன்னாடி இங்க கேட்டிருந்தேன். ரெண்டுமே செஞ்சாச்சு. முதல் மழைத்தண்ணி தனிக் குழாய் வழியா வெளியே போயிடுது. தூசி, காக்கா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் அதோட சரி. பிறகு வர்றது கூழாங்கல், மணல், கரி தாண்டி தொட்டிக்கு. நிரம்பினா மிச்சம் கிணத்துக்கு.

கணக்கு கேட்டவங்களுக்கு: 1000 சதுர அடி மாடியில 10 மி.மீ. மழை பெஞ்சா சுமார் 930 லிட்டர். சிதறினது, மாடி உறிஞ்சினது போக 750 தேறும்.

எங்க போர் தண்ணி உப்பு. மழைத்தண்ணியில துவரம்பருப்பு சீக்கிரமா மசிய வெந்துடுது, அம்மாவுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்! குழாய் வாயில கொசுவலை கட்டாயம் கட்டுங்க. தொட்டியையும் மூடியே வைங்க, உள்ள வெளிச்சம் பட்டா பாசி பிடிக்கும்.

அறுவடை முடிஞ்சதும் வயல்ல பண்ணைக்குட்டை வெட்டப் போறோம். களிமண் நிலத்துல தார்ப்பாய் விரிக்கணுமா? வெட்டினவங்க சொல்லுங்க.